புது கேட்டலிஸ்ட் ஸ்விட்சுக்கு எந்த பூட் முறை: இன்ஸ்டாலா, பண்டிலா, ஆளில்லாமல் தானே ஏறும் வழியா?

மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கக் கிடங்குகளிலும் கண்டெய்னர் யார்டுகளிலும் பழைய சிஸ்கோ 2960-எக்ஸ், 3750 ஸ்விட்சுகளைக் கழற்றிவிட்டு கேட்டலிஸ்ட் 9200, 9300 போடுகிறவர்கள் அடிக்கடி ஒரு சந்தேகத்தோடு வருகிறார்கள். போர்ட், விலேன், டிரங்க் எல்லாம் அவர்களுக்குப் பழகியது. பூட் பகுதியில்தான், அதாவது ஸ்விட்ச் எழும்போது எந்த மென்பொருளை எப்படி ஏற்றுவது என்பதில்தான், கை நிற்கிறது. “பேக்கேஜஸ்.கான்ஃப் என்று வைப்பதா, பழையபடி பின் (.bin) ஃபைலையே காட்டிவிடுவதா? இரண்டிலும் ஸ்விட்ச் ஏறிவிடுகிறதே!”

ஏறுவது உண்மைதான். வித்தியாசம் பிறகுதான் தெரியும். ராத்திரி கரண்ட் போய் வரும்போது, அடுத்த அப்கிரேடின்போது, ஸ்டாக்கில் (பல ஸ்விட்சுகளை ஒன்றாக இணைத்து ஒரே ஸ்விட்சாக ஓட்டுவது) ஒன்று செத்து அந்த இடத்தில் இன்னொன்றைச் செருகும்போது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 2960-எக்ஸில் ஃபிளாஷ் 128 எம்பி. அதில் ஸ்விட்சின் மென்பொருள் (இமேஜ்) ஒரே பின் ஃபைலாக இருக்கும், கான்ஃபிகில் உள்ள பூட் வரி அதைக் காட்டும், அவ்வளவுதான். 2017இல் வெளிவந்த 9000 வரிசையில் ஓடுவது ஐஓஎஸ் எக்ஸ்இ. லினக்ஸ் அடித்தளத்தில் நிற்கும் இதன் பின் ஃபைல், பல பேக்கேஜ்களைக் கட்டி வைத்த மூட்டை. மூட்டையை முன்கூட்டியே பிரித்து ஃபிளாஷில் அடுக்கி வைத்து அங்கிருந்து ஏற்றினால் இன்ஸ்டால் மோடு. ஒவ்வொரு முறையும் மூட்டையோடு எடுத்து நினைவகத்தில் பிரித்து ஏற்றினால் பண்டில் மோடு. பெட்டியைத் திறந்தவுடன் கான்ஃபிகையும் (அமைப்பு வரிகள்) இமேஜையும் நெட்வொர்க்கிலிருந்தே எடுத்துக்கொள்ள விடுவது மூன்றாவது வழி. கண்டிப்பாகச் சொன்னால் இது பூட் மோடு ஆகாது. ஆனாலும் முதல் நாள் முடிவு இந்த மூன்றுக்கும் இடையில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில், கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமல் தானே எழுந்து நிற்கிறதா? வடசென்னையில் எனக்கு இதுதான் முதல் அளவுகோல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர் பக்கம் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி அணைந்து கிடந்து எழும் ஸ்விட்ச் எந்த ஃபைலைத் தேடும் என்பது, கடைசியாக யாரோ சேமித்துவிட்டுப் போன பூட் வரியைப் பொறுத்தது. மாதக்கணக்கில் ரீலோடே ஆகாமல் ஓடும் ஸ்விட்சில் அந்த வரி சரியா தப்பா என்று அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாவது, புதுப் பதிப்பு சரிவராவிட்டால் பழையதற்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும், அதற்கு யார் அங்கே இருக்க வேண்டும்? எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் ராத்திரியில் லேப்டாப்பும் கன்சோல் கேபிளுமாக யார்டுக்குப் போய்ச் சேர்வது லேசான காரியமில்லை. ஃபோனில் அழைத்தால் அங்கே இருக்கும் சூப்பர்வைசர், “சார், பச்சை லைட்டு மினுக்குது சார், ஆனா கேட்ல சிஸ்டம் ஒண்ணும் வரல” என்பார். சிஸ்டம் விளக்கு பச்சையாக மினுக்கிக்கொண்டே இருந்தால் ஸ்விட்ச் இன்னும் பூட் கட்டத்தைத் தாண்டவில்லை. அதற்கு மேல் அவரால் எதையும் பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது, ஃபிளாஷும் நினைவகமும். 9200எல் மாடலில் நினைவகம் 2 ஜிபி, 9200இல் 4 ஜிபி, இரண்டிலும் ஃபிளாஷ் 4 ஜிபி. 9300இல் நினைவகம் 8 ஜிபி, ஃபிளாஷ் 16 ஜிபி. 9300க்கான இமேஜே ஏறக்குறைய ஒரு ஜிபியைத் தொடும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

நான்காவது, ஸ்டாக்கா, தனி ஸ்விட்சா? ஐந்தாவது, மாற்றப்போவது இரண்டு பெட்டியா, நாற்பதா?

## இன்ஸ்டால் மோடு

பூட் வரி ஃபிளாஷில் இருக்கும் பேக்கேஜஸ்.கான்ஃப் என்ற சின்ன ஃபைலைக் காட்டும். எந்தெந்த பேக்கேஜை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. அப்கிரேடு செய்யும்போது பூட் வரியில் கை வைக்க வேண்டியதில்லை. இன்ஸ்டால் கட்டளை புது மூட்டையைப் பிரித்து அடுக்கி, பட்டியலைத் தானே மாற்றிக்கொள்ளும். வரி மாறாததால் அதில் எழுத்துப்பிழை வரவும் வழியில்லை. பெரிய லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

இரண்டாவது லாபத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. இன்ஸ்டாலை ஆட், ஆக்டிவேட், கமிட் என்று மூன்று படியாகச் செய்யலாம். ஆக்டிவேட் கொடுத்ததும் ஸ்விட்ச் ரீலோட் ஆகி புதுப் பதிப்பில் ஏறும். அதோடு ஒரு டைமரும் ஓடத் தொடங்கும். நாம் மாற்றாவிட்டால் அது 120 நிமிடம். அதற்குள் கமிட் கொடுக்கவில்லை என்றால் பழைய பதிப்புக்குத் தானே திரும்பிவிடும். ‘ஷோ இன்ஸ்டால் சம்மரி’ அடித்தால் மீதி நேரம் தெரியும். பதிப்புக்கு முன்னால் யு என்ற எழுத்து இருந்தால் இன்னும் கமிட் ஆகவில்லை, சி என்று இருந்தால் ஆகிவிட்டது. தொலைவிலிருந்து அப்கிரேடு செய்து, அப்லிங்க் (மேலே உள்ள ஸ்விட்சோடு சேர்க்கும் இணைப்பு) எழாமல் தொடர்பு அறுந்துபோனாலும், இரண்டு மணி நேரம் பொறுத்தால் பழைய நிலை திரும்பிவிடும். ஆளில்லாத யார்டுக்கு இதைவிட நல்ல காப்பு எனக்குத் தெரியாது.

ஆனால் மூன்றையும் ஒரே வரியில் கொடுக்கும் கட்டளைதான் எல்லோர் கையிலும் இருக்கிறது. வேகமானதுதான். கமிட்டும் உடனே நடந்துவிடுவதால் அந்த டைமர் காப்பு போய்விடும். பக்கத்தில் நின்று செய்யும்போது ஒரே வரி போதும். தூரத்திலிருந்து செய்தால் மூன்று படியாகவே செய்யுங்கள். கமிட் கொடுக்க மறந்தால் இரண்டு மணி நேரத்தில் வேலை நடுவே ஸ்விட்ச் ரீலோட் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஸ்டாக்கிலும் இதற்குத்தான் பலம். ‘சாஃப்ட்வேர் ஆட்டோ-அப்கிரேட்’ இயக்கத்தில் இருந்தால், வேறு பதிப்போடு வந்து சேரும் புது மெம்பருக்கு ஸ்டாக்கே தன் பதிப்பை ஏற்றிவிடும். அது நடக்க இரு பக்கமும் இன்ஸ்டால் மோடில் இருக்க வேண்டும். முழு இமேஜையும் மாற்றாமல் ஒரு குறையை மட்டும் திருத்தும் எஸ்எம்யு பேட்ச் போடவும் இந்த மோடுதான் வேண்டும்.

*மறைந்திருக்கும் செலவு.* முதல் செலவு இடம். புது இமேஜைப் பிரிக்க ஃபிளாஷில் குறைந்தது ஒரு ஜிபி காலியாக இருக்க வேண்டும். பழைய பதிப்பு, புதுப் பதிப்பு, காப்பி செய்த பின் ஃபைல் என்று மூன்றும் சேர்ந்து உட்கார்ந்தால் 4 ஜிபி ஃபிளாஷ் சீக்கிரம் நெருக்கடியாகும். அப்போது யாராவது ஃபைல் பட்டியலைப் பார்த்து, “இந்த பிகேஜி ஃபைல் எல்லாம் எதற்கு?” என்று கையால் அழித்துவிடுவார்கள். அவைதான் பிரித்து அடுக்கிய பேக்கேஜ்கள். ஸ்விட்ச் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அடுத்த முறை கரண்ட் போகும்போது எழாது. இடம் வேண்டுமென்றால் ‘இன்ஸ்டால் ரிமூவ் இனாக்டிவ்’ மட்டும்தான். அது எதை அழிக்கப்போகிறது என்று காட்டி ஒப்புதல் கேட்கும், ஓடும் பதிப்பைத் தொடாது.

அந்தக் கட்டளைக்கும் ஒரு நேரம் உண்டு. ரோல்பேக் செய்ய, அதாவது பழைய பதிப்புக்குத் திரும்ப, பழைய பேக்கேஜ்கள் ஃபிளாஷில் இருந்தாக வேண்டும். அப்கிரேடு முடிந்த கையோடு சுத்தம் செய்துவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. சில நாள் ஓடவிட்டு, பில்லிங், கேமரா, வைஃபை எல்லாம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு சுத்தம் செய்யுங்கள்.

## பண்டில் மோடு

பூட் வரி நேரடியாக பின் ஃபைலின் பெயரைக் காட்டும். பழைய ஸ்விட்சில் பழகிய கைக்கு இது இயல்பாக வரும். அப்கிரேடு என்றால் புது பின் ஃபைலைக் காப்பி செய்து, வரியை மாற்றி, சேமித்து, ரீலோட் செய்தால் போதும். திரும்ப வேண்டுமானால் வரியைப் பழையபடி மாற்றினால் ஆயிற்று. யாருக்கும் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

இதன் நிஜமான மதிப்பு அவசரத்தில் தெரியும். ஃபிளாஷில் இருப்பது கெட்டு, ஸ்விட்ச் ஐஓஎஸ் ஏறாமல் பூட்லோடர் பிராம்ப்டில் கட்டளைக்காக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி பென்டிரைவில் பின் ஃபைலைப் போட்டுச் செருகி அங்கிருந்தே ஏற்றலாம். அப்படி ஏறியது பண்டில் மோடுதான். உயிர் வந்ததும் பூட் வரியை பேக்கேஜஸ்.கான்ஃபுக்குத் திருப்பி, இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பையில் சரியான இமேஜோடு ஒரு பென்டிரைவ் எப்போதும் இருக்கட்டும். 9200க்கு கேட்9கே லைட் இமேஜ், 9300க்கு கேட்9கே இமேஜ். ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது.

*மறைந்திருக்கும் செலவு.* மூட்டை நினைவகத்தில் பிரிவதால் ரேம் அதிகம் பிடிக்கும், ஏறவும் கூடுதல் நேரமாகும். 2 ஜிபி கொண்ட 9200எல் மாடலில் நிரந்தரமாக இப்படி ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்எம்யு பேட்ச் கிடையாது. ஸ்டாக்கில் ஆட்டோ-அப்கிரேடும் வேலை செய்யாது. பழையதற்குப் பதில் வாங்கிச் செருகிய மெம்பர் ‘வி-மிஸ்மேட்ச்’ என்று காட்டி ஒதுங்கி நிற்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை பூட் வரி. ஒவ்வொரு அப்கிரேடிலும் நீளமான ஃபைல் பெயரைக் கையால் அடிக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அடுத்த ரீலோடில்தான் தெரியவரும். பழைய வரியை நீக்காமல் புது வரியைச் சேர்த்தால் இரண்டும் வரிசையாக நிற்கும், ஸ்விட்ச் முதலில் இருப்பதைத்தான் முயலும். “அப்கிரேடு செய்தேன், ஆனால் பழைய பதிப்பே காட்டுகிறது” என்று வரும் புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ‘நோ பூட் சிஸ்டம்’ கொடுத்துத் துடைத்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

## ஆளில்லாமல் தானே ஏறும் வழி

கான்ஃபிக் இல்லாத புது ஸ்விட்ச், பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதும் டிஹெச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்கும். அதற்கு வரும் பதிலில் ஆப்ஷன் 67 வழியாக ஒரு கான்ஃபிக் ஃபைலையோ பைத்தான் ஸ்கிரிப்டையோ காட்டலாம். ஆப்ஷன் 43 வழியாக பிஎன்பி (பிளக் அண்ட் பிளே) சர்வரையும் காட்டலாம். ஸ்விட்ச் தன் கான்ஃபிகையும், தேவைப்பட்டால் இமேஜையும் தானே எடுத்துக்கொள்ளும். ஏணியில் ஏறி ரேக்கில் பொருத்துகிறவருக்கு நெட்வொர்க் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முடிவில் ஸ்விட்ச் இன்ஸ்டால் மோடில் வந்து நிற்கும்படி ஸ்கிரிப்டை எழுதினால் இரண்டின் நன்மையும் சேரும்.

*மறைந்திருக்கும் செலவு.* முன்வேலை அதிகம். சர்வர், ஸ்கிரிப்ட், எந்த சீரியல் எண்ணுக்கு எந்த கான்ஃபிக் என்ற பட்டியல், எல்லாவற்றையும் முதல் பெட்டி வரும் முன்பே சோதித்திருக்க வேண்டும். புது ஸ்விட்ச் விலேன் 1இல்தான் பேசத் தொடங்கும். மேலே உள்ள ஸ்விட்சின் டிரங்கில் அது வெட்டப்பட்டிருந்தால் எதுவும் நடக்காது. மேல் ஸ்விட்சில் பிஎன்பி ஸ்டார்ட்அப் விலேனைக் கொடுத்து இதைச் சரிசெய்யலாம். ஆர்வத்தில் யாராவது கன்சோலைச் செருகி என்டரைத் தட்டினால் தானியங்கி வேலை அதோடு நின்றுவிடும்.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| அளவுகோல் | இன்ஸ்டால் | பண்டில் | தானே ஏறும் வழி |
|---|---|---|---|
| கரண்ட் போய் வந்தால் | பூட் வரி மாறாது, நம்பலாம் | வரி சரியாக இருந்தால் ஏறும், தாமதமாகும் | முதல் முறை மட்டுமே இதன் வேலை |
| பழையதற்குத் திரும்ப | கமிட்டுக்கு முன் தானாக, பின் ரோல்பேக் | வரியை மாற்றி ரீலோட் | பொருந்தாது |
| இடம் | ஃபிளாஷ் அதிகம் | ரேம் அதிகம் | கடைசியில் நிற்கும் மோடைப் பொறுத்தது |
| ஸ்டாக் | மிகப் பொருத்தம் | தவிர்க்கவும் | முன்திட்டம் தேவை |
| முன்வேலை | குறைவு | மிகக் குறைவு | மிக அதிகம் |

அரூபா சிஎக்ஸ் ஸ்விட்சுகள் பக்கம் மாறுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அதில் பிரைமரி, செகண்டரி என்று இமேஜுக்கு இரண்டு இடம். புதியதை ஒன்றில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்யலாம், மற்றதில் பழையது பத்திரமாக இருக்கும்.

## பழைய கான்ஃபிகை ஒட்டும் முன்

எந்த மோடைத் தேர்ந்தாலும் இந்த வேலை உண்டு. 2960-எக்ஸின் கான்ஃபிகை நோட்பேடில் எடுத்து 9200இல் அப்படியே ஒட்டுவது எல்லோரும் செய்வது. அதற்குள் பழைய இமேஜின் பெயரைத் தாங்கிய பூட் சிஸ்டம் வரி ஒளிந்திருக்கலாம். புது ஸ்விட்சில் அந்தப் பெயரில் ஃபைலே இருக்காது. ஒட்டும் முன் பூட் என்று தொடங்கும் எல்லா வரியையும் தேடி எடுத்துவிடுங்கள். ‘பூட் மேனுவல்’ இருந்தால் கண்டிப்பாக எடுங்கள். அது இருக்கும்வரை ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் ஸ்விட்ச் பிராம்ப்டில் நின்று ஆளுக்காகக் காத்திருக்கும்.

அப்லிங்க் போர்ட் எண்ணும் மாறும். 48 போர்ட் 2960-எக்ஸில் அது 1/0/49இலிருந்து தொடங்கும். 9200இல் அப்லிங்குகள் 1/1/1 என்று தனி வரிசைக்குப் போய்விடும். டிரங்க் வரிகளை அதற்கேற்ப மாற்றாவிட்டால், பூட் சரியாக நடந்தும் ஸ்விட்ச் யாருக்கும் எட்டாது. பூட்டில்தான் கோளாறு என்று அங்கேயே தேடிக்கொண்டிருப்பீர்கள். லைசென்ஸ் நிலையும் பூட்டோடு சேர்ந்தது. ஐபி பேஸ், ஐபி சர்வீசஸ் என்ற பழைய பெயர்கள் இங்கே இல்லை. நெட்வொர்க் எசென்ஷியல்ஸ், நெட்வொர்க் அட்வான்டேஜ் என்று இருக்கும், மாற்றினால் ரீலோடுக்குப் பிறகுதான் அமலாகும்.

அப்புறம், முதல் முறை புதுப் பதிப்புக்குப் போகும்போது பூட்லோடரும் தானாக மேம்படுத்தப்படலாம். அந்த நேரத்தில் கரண்ட் போகக் கூடாது. அப்கிரேடு ராத்திரியில் யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று முதலில் பாருங்கள். உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் பல ஆண்டு பழைய பேட்டரியை நம்பி ஆக்டிவேட் கொடுக்காதீர்கள்.

கேட் கேமராவும் ஃபோனும் பிஓஇயில் (நெட்வொர்க் கேபிள் வழியே ஸ்விட்ச் கொடுக்கும் மின்சாரம்) ஓடுகிற இடமென்றால் இரண்டு அமைப்புகளையும் சேர்த்துப் போடுங்கள். பெர்பெச்சுவல் பிஓஇ இருந்தால் ஸ்விட்ச் ரீலோட் ஆகும்போதும் கேமராவுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஃபாஸ்ட் பிஓஇ இருந்தால், கரண்ட் வந்ததும் ஐஓஎஸ் ஏறி முடியும்வரை காத்திராமல் மின்சாரம் கொடுக்கும்.

## எந்த இடத்துக்கு எது

கிடங்கு, யார்டு, ராத்திரியில் தொழில்நுட்ப ஆள் இல்லாத இடம் எதுவானாலும் இன்ஸ்டால் மோடு, மூன்று படி அப்கிரேடு. ஸ்டாக் என்றால் யோசிக்கவே வேண்டாம், எல்லா மெம்பரும் இன்ஸ்டால் மோடுதான்.

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் ஒரே ஒரு 9200 வைத்திருக்கும் சின்ன ஷிப்பிங் அலுவலகத்துக்கும் என் பதில் அதேதான். பண்டில் அங்கே சுலபமாகத் தோன்றும். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதைத் தொடப்போகிறவர் வேறொருவராக இருப்பார். அவருக்கு பேக்கேஜஸ்.கான்ஃப் என்ற ஒரே வரியை விட்டுவைப்பது நல்லது.

பண்டில் மோடுக்கு இரண்டே இடங்கள் பொருந்தும். ஒன்று, பதிப்புகளை மாற்றி மாற்றிச் சோதிக்கும் லேப். இன்னொன்று, மேலே சொன்ன பென்டிரைவ் மீட்பு. அதையும் தற்காலிகமாக மட்டும் வையுங்கள். டிஎஃப்டிபி சர்வரிலிருந்து இமேஜை ஏற்றுவதற்கும் இதே விதிதான். சர்வர் இறங்கினால் ஸ்விட்சும் இறங்கும் என்ற நிலையை எந்த வளாகத்திலும் நிரந்தரமாக விடக் கூடாது.

ஒரே மாதிரி கான்ஃபிகோடு பல மாடி, பல கட்டடம் உள்ள கல்லூரி, மருத்துவமனை என்றால் தானே ஏறும் வழிக்குச் செலவிடும் முன்வேலை வீண் போகாது. நாலைந்து ஸ்விட்சுக்கு அது தேவையில்லை, மேசையில் வைத்துக் கையால் முடித்து எடுத்துப் போய்ப் பொருத்துவதே வேகம்.

எதைத் தேர்ந்தாலும் ரேக்கில் ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள். ‘ரைட் மெமரி’ கொடுங்கள். ‘ஷோ பூட்’ அடித்து பூட் வரியையும், மேனுவல் பூட் ‘நோ’ என்று இருப்பதையும் பாருங்கள். ஸ்டாக் என்றால் எல்லா மெம்பரிலும் ஒரே வரியா என்று பாருங்கள். பிறகு ரீலோட் கட்டளை கொடுக்காமல் பவர் கேபிளையே பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துச் செருகுங்கள். யாரும் தொடாமல் லாகின் வரைக்கும் வர வேண்டும். வந்ததும் ‘ஷோ வெர்ஷன்’ கடைசிப் பட்டியலில் மோடு என்ற பத்தியில் இன்ஸ்டால் என்று இருக்கிறதா பாருங்கள். பண்டில் என்று இருந்தால் பூட் வரி இன்னும் பின் ஃபைலைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. மேசை மேல் இருக்கும்போதே திருத்திவிடுங்கள்.